முகவரி யாருடையது? தனித்தளங்களும் இணையக் குழுமங்களும் வளர்ந்து தேய்ந்த கதை

"சித்தி, பெர்சனல் வெப்சைட்னா என்ன? புரொஃபைல் மாதிரியா?" என்று அக்கா மகள் கேட்டாள். கைப்பேசியோடு வளர்ந்தவள். இணையம் என்றால் அவளுக்கு ஐந்தாறு செயலிகள். அவற்றுக்கு வெளியே ஒரு பக்கத்தைத் தேடிப் போய்ப் படித்த அனுபவம் அவளுக்கு அதிகம் இல்லை. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புரொஃபைல் என்பது வேறு யாரோ அச்சடித்துக் கொடுத்த படிவம். பெயருக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒரு வட்டம், உங்களைப் பற்றிச் சொல்ல இரண்டு வரி. கோடிக்கணக்கானோர் ஒரே படிவத்தைத்தான் நிரப்புகிறோம். தனித்தளத்தில் படிவம் கிடையாது, வெறும் தாள்தான். எத்தனை பக்கம், என்ன நிறம், எது முதலில் வர வேண்டும் என்பதெல்லாம் எழுதுகிறவர் பாடு. இது பார்த்ததும் தெரிகிற வித்தியாசம். பார்த்தால் தெரியாத இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: அந்தப் பக்கத்தின் முகவரி யார் கையில் இருக்கிறது என்பது.

கோப்பு, எந்திரம், முகவரி

ஒரு இணையதளத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய மர்மம் எதுவும் இல்லை. முதலில் ஒரு கோப்பு, அதாவது நீங்கள் எழுதிய பக்கம். அப்புறம் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிற கணினி. அதற்கு சர்வர் என்று பெயர். மூன்றாவது, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு முகவரி. அதில் உள்ள பெயர்ப் பகுதியை டொமைன் என்கிறோம்.

கோப்பை எழுதப் பயன்படுவது எச்டிஎம்எல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு சொல் தடிமனாகத் தெரிய வேண்டுமா? அதற்கு முன்னால் கோண அடைப்புக்குறிக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். தடிமன் முடிகிற இடத்தில் அதே எழுத்தை ஒரு சாய்கோட்டோடு இன்னொரு முறை போட வேண்டும். அவ்வளவுதான். இப்படி இருபது குறிகள் தெரிந்தால் ஒரு தளத்தை எழுதிவிடலாம். இன்னொரு வசதியும் இருந்தது. யாருடைய பக்கத்தைத் திறந்தாலும், அதன் பின்னால் இருக்கும் எழுத்து முழுவதையும் பிரவுசரிலேயே பார்க்க முடியும். அழகாக ஒரு பக்கம் கண்ணில் பட்டால், அது எப்படிச் செய்யப்பட்டது என்று திறந்து பார்த்து, நகலெடுத்து, தன் விருப்பப்படி மாற்றிக்கொள்வார்கள். ஒரு தலைமுறை இணையத்தில் எழுதக் கற்றது பெரும்பாலும் அப்படித்தான்.

இதையெல்லாம் தொடங்கி வைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா அருகே செர்ன் என்ற இயற்பியல் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தபோது, 1989இல் இதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். உலகின் முதல் வலை (வெப்) சர்வர் அவருடைய மேசைக் கணினிதான். அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டி, 'இது சர்வர், அணைத்துவிடாதீர்கள்' என்று சிவப்பு மையில் கையால் எழுதியிருந்தார். அந்தக் கணினி அணைந்தால் உலகத்தில் வலை என்பதே அணைந்துவிடும் என்ற நிலை. சர்வர் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அதே ஆண்டில் எழுத்துக்கு நடுவே படத்தையும் காட்டும் மொசைக் பிரவுசர் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததும் கதவு திறந்துகொண்டது. தளம் தொடங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கூட்டம் அதற்கும் முன்பே கூடியிருந்தது

வலை வருவதற்கு வெகு முன்பே ஆட்கள் கணினி வழியாகக் கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இருவர் ஒரு கணினி அறிவிப்புப் பலகையை உருவாக்கினார்கள். கடும் பனிப்பொழிவில் ஊரே முடங்கிக் கிடந்த நாட்களில் தொடங்கிய வேலை அது. அதற்கு ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். அவர் முந்தைய ஆள் விட்டுச்சென்ற குறிப்பைப் படிப்பார், பதில் எழுதுவார், போனை வைப்பார். அப்புறம் அடுத்தவர் முறை. ஒருவரையொருவர் ஒரே நேரத்தில் சந்திக்கவே முடியாத ஓர் இடத்தில் நட்பு வளர்ந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யூஸ்நெட் என்ற அமைப்புக்குத் திட்டமிட்டார்கள். பல பல்கலைக்கழகங்களின் கணினிகள் செய்திகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். தலைப்பு வாரியாகப் பிரித்துப் பேசலாம். புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு விடையைத் தொகுத்து வைக்கும் வழக்கம் பரவியது இங்கேதான்.

யூஸ்நெட்டில் ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு சலசலப்பு எழும். புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்கள் உள்ளே வந்து, இடம் தெரியாமல் எதையாவது எழுதுவார்கள். பழையவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள், சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடும். 1993, 94 வாக்கில் ஏஓஎல் போன்ற வணிகச் சேவைகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்டன. அதற்குப் பிறகு புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. 'முடிவில்லாத செப்டம்பர்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

இதை வெறும் பழங்கதையாக நான் சொல்லவில்லை. ஒரு குழுமத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பது இதில் தெரிகிறது. விதிமுறைப் பக்கம் எழுதி வைத்தால் குழுமம் உருவாகாது. பழையவர் ஒருவர் புதியவர் ஒருவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிற வரைதான் அது குழுமம். சொல்லிக் கொடுக்கும் வேகத்தைவிட ஆட்கள் வரும் வேகம் கூடினால் அது சந்தையாகிவிடும்.

பேட்டை, வளையம், வாசல்

1994இல் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் தொடங்கிய நிறுவனம் பிறகு ஜியோசிட்டீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. யார் கேட்டாலும் இலவசமாக ஓர் இடம் கொடுத்தார்கள். அதைக் கொடுத்த விதம்தான் அழகு. எல்லாத் தளங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் பேட்டைகளாகப் பிரித்திருந்தார்கள். திரைப்படம் பற்றி எழுதுபவர் ஹாலிவுட்டில் குடியேறுவார். அறிவியல் புனைவு என்றால் ஏரியா 51. கல்வி, இலக்கியம், தத்துவம் என்றால் ஏதென்ஸ். ஒவ்வொருவருக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு கதவு எண். அண்டை அயல் என்பது முகவரியிலேயே இருந்தது. பேட்டைக்குப் பேட்டை, புதிதாக வந்தவருக்கு உதவத் தன்னார்வலர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்துப் பக்கம் ஒன்றைப் பழைய நகல்களில் தேடிப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் நட்சத்திரங்கள் மின்னும். 'வேலை நடக்கிறது' என்று மண்வெட்டியோடு ஒரு பொம்மை குழி தோண்டிக்கொண்டே இருக்கும். இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு எண்பலகை. வந்தவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போக ஒரு விருந்தினர் ஏடு. அடியில் 'கடைசியாகத் திருத்தியது' என்று ஒரு தேதி. அந்தத் தேதியை நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பக்கம் என்பது எழுதி முடித்துத் தள்ளிவிடும் பொருளாக அன்று இல்லை. ஒருவர் தன் பக்கத்துக்கு மறுபடி மறுபடி திரும்பி வந்து, பிழை திருத்தி, புதிதாகத் தெரிந்துகொண்டதைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

சரி, ஒருவர் பக்கத்தை இன்னொருவர் எப்படிக் கண்டுபிடித்தார்? மனிதர்கள் வழியாகத்தான். 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் கையாலேயே தொகுத்த தளப் பட்டியல்தான் யாஹூ ஆனது. 1995இல் சேஜ் வெய்ல் என்ற இளைஞர் வலைவளையம் என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஒரே பொருளில் எழுதும் இருபது பேர் சேர்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவர் பக்கத்தின் அடியிலும் 'முந்தையது', 'அடுத்தது' என்று இரண்டு இணைப்புகள் இருக்கும். அடுத்தது, அடுத்தது என்று சொடுக்கிக்கொண்டே போனால் இருபது வீட்டு வாசலையும் மிதித்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். வளையத்தில் யாரைச் சேர்ப்பது என்று ஒரு மனிதர் படித்துப் பார்த்து முடிவு செய்வார்.

1998இல் கூகுள் நிறுவனமாக உருவானபோதும் இதே பழக்கத்தின் மேல்தான் ஏறி நின்றது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்து வரிசைப்படுத்தியது. யாரோ ஒருவர் ஆசையாகக் கொடுத்த இணைப்பு ஒரு வாக்காக எண்ணப்பட்டது. அந்த வாக்குக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் குப்பை இணைப்புகள் கொட்ட ஆரம்பித்தன. விருந்தினர் ஏடுகளிலும் பின்னூட்டங்களிலும் எந்திரங்கள் விளம்பர இணைப்புகளைப் போட்டுத் தள்ளின. 2005 ஜனவரியில் தேடுபொறி நிறுவனங்கள் சேர்ந்து, 'இந்த இணைப்பை வாக்காக எண்ணாதே' என்று சொல்லும் ஒரு குறியைக் கொண்டுவந்தன. தேவையான மருந்துதான். ஆனாலும் மனிதர் மனிதருக்குக் கொடுத்த இணைப்பை முதல்முறையாகச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டி வந்தது அப்போதுதான்.

வலைப்பதிவு மாற்றியது என்ன

1999இல் பிளாகர், லைவ்ஜர்னல், 2003இல் வேர்ட்பிரஸ் என்று வலைப்பதிவு, அதாவது பிளாக், எழுதும் கருவிகள். இவை வந்ததும் எச்டிஎம்எல் தெரியாமலே எழுத முடிந்தது. தலைப்பு, உரை, வெளியிடு என்ற பொத்தான், முடிந்தது வேலை. எழுதவே மாட்டார்கள் என்று நினைத்தவர்களெல்லாம் எழுத வந்தார்கள். அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

கூடவே வடிவத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. வலைப்பதிவில் புதியது மேலே, பழையது கீழே. தோட்டம் மாதிரிப் பராமரித்து வந்த பக்கம் நாட்குறிப்பாக மாறியது. ஒரு பதிவு எழுதிய பத்தாவது நாள் பழசாகிவிட்டது. இன்னும் எழுதவில்லையே என்ற உறுத்தல் எழுதுகிறவர் மனதில் குடியேறியது. பின்னால் வந்த சமூக ஊடகங்கள் இந்த வரிசை முறையைத்தான் எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டின.

வலைப்பதிவுக் காலத்தின் சிறந்த படைப்பு என்று நான் நினைப்பது செய்தியோடை. ஆர்எஸ்எஸ் என்பார்கள். உங்களுக்குப் பிடித்த ஐம்பது தளங்களின் ஓடையை ஒரு வாசிப்புச் செயலியில் சேர்த்துவிட்டால், யார் புதிதாக எழுதினாலும் உங்களுக்கு வந்து சேரும். எழுதியது அவரவர் தளத்திலேயே இருக்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது வாசகர் கையில் இருக்கும். நடுவில் நின்று 'இதை முதலில் படி' என்று சொல்ல யாரும் இல்லை. இந்த ஓடைகளைப் படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2005இல் வந்து, 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஆர்எஸ்எஸ் என்ற நுட்பம் அதனால் சாகவில்லை. ஆனால் பெரும்பாலோர் வேறு செயலிக்கு மாறவில்லை, அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

ஆற்று வெள்ளம்

2006 செப்டம்பர் வரை ஃபேஸ்புக்கிலும் நண்பர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க அவருடைய பக்கத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த மாதம் நியூஸ் ஃபீடு வந்தது. எல்லாருடைய செய்தியும் ஒரே ஆறாக உங்கள் முன்னால் ஓடத் தொடங்கியது. பயனர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானோர் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தரங்க அமைப்புகளைச் சேர்த்தது, ஃபீடு மட்டும் அப்படியே நின்றது. பிறகு எல்லாரும் அதற்குப் பழகிவிட்டோம். செய்தியோடையும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் இங்கே எது மேலே வரும், எது வரவே வராது என்பதை நிறுவனத்தின் அல்காரிதம் முடிவு செய்கிறது. விளம்பரத்தில் வாழும் நிறுவனத்துக்கு நீங்கள் அங்கேயே இருப்பதுதான் வருமானம். வெளித்தளத்துக்கு உங்களைக் கூட்டிப்போகும் இணைப்பால் அதற்கு ஆதாயம் இல்லை.

கைப்பேசி இதை உறுதியாக்கியது. கணினி முன் உட்கார்ந்து முகவரி அடிக்கும் பழக்கம் போய், திரையில் ஒரு சதுரத்தைத் தொடும் பழக்கம் வந்தது. சதுரம் இல்லாத தளம் மறதிக்குள் போனது.

பெரிய நிறுவனங்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்தன என்று மட்டும் சொன்னால் அது நேர்மையாக இருக்காது. தனித்தளம் நடத்துவது உழைப்பு. ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும், மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், குப்பைப் பின்னூட்டத்தை அள்ளிக்கொட்ட வேண்டும். எழுதி வெளியிட்டபின் யாராவது படித்தார்களா என்றே தெரியாத மௌனம் இருக்கிறதே, அது பலரைத் தளர வைத்தது. சமூக ஊடகத்தில் ஒரு வரி எழுதினால் அடுத்த நிமிடம் பத்துப் பேர் கை தட்டுகிறார்கள். மனிதருக்கு அது வேண்டியிருக்கிறது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இணைய மன்றங்களின் (ஃபோரம்) கதையும் இதேதான், கொஞ்சம் மெதுவாக நடந்தது. 2000 வாக்கில் பிஎச்பிபிபி போன்ற இலவச மென்பொருள் வந்தபோது, ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் ஒரு மன்றம் முளைத்தது. கேமரா பழுது பார்ப்பவர்கள், தையல்காரர்கள், ஒரு குறிப்பிட்ட நோயோடு வாழ்பவர்கள் என்று எல்லாருக்கும். இவற்றைத் தாங்கி நின்றவர்கள் மட்டுறுத்துநர்கள். ராத்திரியில் எழுந்து சண்டையை விலக்கி, குப்பையை நீக்கி, ஒரே கேள்விக்கு நூறாவது முறை பதில் சொன்னவர்கள். பெரும்பாலும் சம்பளமே இல்லை. மெட்டாஃபில்டர் என்ற அமெரிக்கக் குழுமம் 1999இல் தொடங்கி, 2004 முதல் உள்ளே வர ஒருமுறை 5 டாலர் கட்டணம் வைத்தது. அந்தச் சிறு தொகையே குப்பை ஆட்களைத் தடுத்தது, மட்டுறுத்துநர்களுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். ஆனால் வருமானத்தில் பெரும்பங்கு தேடுபொறி வழியாக வருபவர்கள் பார்க்கும் விளம்பரத்திலிருந்து வந்தது. 2012 நவம்பரில் தேடல் முடிவுகளில் அந்தத் தளம் திடீரெனச் சறுக்கியது. 2014இல் மட்டுறுத்துநர் சிலரை வேலையிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. உள்ளே இருந்தவர்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. அவர்கள் வாசலுக்கு வரும் பாதை வேறொருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இன்று குழுமங்கள் இல்லாமல் போய்விடவில்லை. ரெடிட் என்ற பெரிய மன்றத் தளத்திலும், 2015இல் வந்த டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கின்றன. ஆனால் டிஸ்கார்டிலோ வாட்ஸ்அப்பிலோ ஒருவர் அருமையாக எழுதிய விளக்கம் தேடுபொறிக்குத் தெரியாது. அடுத்த வருடம் அதே சிக்கலோடு வருபவர் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ரெடிட்டில் தேடலாம். ஆனால் 2023 ஜூனில் வெளியார் உருவாக்கிய செயலிகளுக்கு நிறுவனம் விதித்த கட்டணத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தின. நிறுவனம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அழிந்தவை

1999இல் யாஹூ சுமார் 360 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு ஜியோசிட்டீஸை வாங்கியது. அந்த ஆண்டே, பயனர்கள் எழுதியவற்றின் மேல் விரிவான உரிமை கோரும் விதிமுறையைக் கொண்டுவந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் திருத்திக்கொண்டது. பேட்டைகளும் கதவு எண்களும் பின்னுக்குப் போய், வெறும் பயனர் பெயர் முகவரியானது. 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்க ஜியோசிட்டீஸை மூடிவிட்டார்கள். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு மூடப்போகிற தேதி தெரிந்ததும் இரவு பகலாக நகலெடுத்து, அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட ஒரு டெராபைட் அளவுள்ள தொகுப்பாக வெளியிட்டது. இணைய ஆவணக் காப்பகமும் ஒரு பங்கைக் காப்பாற்றியது. மிச்சம் போனது போனதுதான். 2019இல், மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளம் தன் பயனர்கள் 2015 வரை ஏற்றியிருந்த பாடல்கள் சர்வர் மாற்றத்தில் தொலைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. அதையடுத்து யாஹூ குழுமங்களின் பழைய உரையாடல்கள் அழிக்கப்பட்டன. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் கிடைக்காமல் போய்விட்டதாக பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது.

இங்கேதான் முகவரி விஷயத்துக்குத் திரும்ப வேண்டும். ஜியோசிட்டீஸில் எழுதியவரிடம் கோப்பின் நகல் இருந்திருக்கலாம். அதை வேறு சர்வரில் ஏற்றியும் இருக்கலாம். ஆனால் மற்றவர்கள் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் பழைய முகவரிக்குத்தான் போகும். அந்த முகவரி அவருடையது இல்லை. டொமைன் உங்கள் பெயரில் இருந்தால் கதை வேறு. சர்வர் கொடுத்தவர் கடையை மூடினால் கோப்புகளை வேறு இடத்தில் ஏற்றி, டொமைனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ கொடுத்த இணைப்பும் வேலை செய்யும். டொமைனும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியதுதான், மறந்தால் கைவிட்டுப் போகும். ஆனால் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு அதை மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. புரொஃபைலுக்கு அந்த உரிமை கிடையாது.

2011 முதல் இண்டிவெப் என்ற பெயரில் ஒரு சிறு இயக்கம் இதைத்தான் சொல்லி வருகிறது: முதலில் சொந்தத் தளத்தில் வெளியிடுங்கள், பிறகு அதன் நகலை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். 2013இல் தொடங்கிய நியோசிட்டீஸ், பழைய ஜியோசிட்டீஸ் போலவே இலவசமாக இடம் கொடுக்கிறது. அங்கே வலைவளையங்கள் மறுபடி சுற்றத் தொடங்கியிருக்கின்றன. நடத்துபவர்களில் பலர் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது சிறு குழந்தைகளாக இருந்திருப்பார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு சின்னத் தொலைநோக்கி இருக்கிறது. வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் ஒவ்வொரு இரவும் எங்கே நிற்கின்றன என்று நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருப்பாள். அதையே ஒரு பக்கமாக்கினாள். நடுவில் ஒரு வட்டம், இருபுறமும் புள்ளிகள், கீழே தேதி. ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. "லைக் எங்கே வரும் சித்தி?" என்று கேட்டாள். வராது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பக்கத்தின் அடியில் தன் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்தாள், அதற்கும் கீழே 'கடைசியாகத் திருத்தியது' என்று ஒரு வரி. அது மூன்று வாரத்துக்கு முன்பு. இன்று காலை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். புள்ளி வரிசைகள் பதினாறாகியிருந்தன, அடியில் நேற்றைய தேதி இருந்தது.